சியாங்கில் பெரிய அணை: "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு

கேள்வி, 28 டிசம்பர் 2024

"திபெத்தின் மேதோக் பகுதியில் உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டத்துக்குச் சீனா அனுமதி கொடுத்துவிட்டது. அதே ஆறுதான் அருணாசலத்துக்குள் சியாங் என்ற பெயரில் வருகிறது. பதிலுக்கு நாம் அப்பர் சியாங் அணையைக் கட்ட வேண்டாமா? அருணாசலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான். ஆள் இல்லாத மலை. மின்சாரம் வரும், ரோடு வரும், வேலை வரும். எதிர்க்கிறவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை."

28 டிசம்பர் 2024, இரவு

"ஆள் இல்லாத மலை" என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1996 முதல் 2004 வரை பாசிகாட்டில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சியாங் மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடும் ஊர் அது. விடுமுறைக்கு மாணவர்கள் தங்கள் ஊருக்குக் கூட்டிப்போவார்கள். பாங்கின், போலெங், ரீகா பக்கமெல்லாம் அப்படித்தான் எனக்குப் பழக்கம். மலைச்சரிவு அங்கே செங்குத்தாக நிற்கும். நெல் விளைகிற மட்டமான நிலம் ஆற்றங்கரையிலும் அதற்குச் சற்று மேலே உள்ள படிகளிலும்தான் கிடைக்கும். வீடும் அங்கேதான், ஆரஞ்சுத் தோட்டமும் அங்கேதான், முன்னோரைப் புதைத்த இடமும் அங்கேதான். பனிமலை, அடர்ந்த காடு எல்லாவற்றையும் சேர்த்து 83,743 சதுர கிலோமீட்டராக எடுத்துக்கொண்டு, 2011 கணக்கெடுப்பின் 13.8 லட்சம் பேரை அதால் வகுத்தால் 17 வரும். வகுத்தது சரி. ஆனால் தேங்குகிற தண்ணீர் ஆள் இல்லாத உச்சிக்குப் போகாது. வயலும் வீடும் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் நிற்கும்.

ஆதி இனத்து மக்கள் ஆற்றை "ஆனே சியாங்" என்பார்கள். ஆனே என்றால் அம்மா. மேடையில் பேசுவதற்காக உண்டாக்கிய சொல் இல்லை அது. எட்டாம் வகுப்புப் பையன் குளிக்கப் போகும்போதுகூட அப்படித்தான் சொல்வான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி வேண்டாம் என்று என்னிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. பிரசவ வலி வந்த பெண்ணை மூங்கில் தூளியில் கட்டித் தூக்கி வந்து, தொங்குபாலம் தாண்டி, வண்டிக்காக உட்கார்ந்திருந்த குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். ரோடு கேட்டார்கள், டாக்டர் கேட்டார்கள், கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். அணை வேண்டும் என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அந்த ரோடும் டாக்டரும் அணையோடுதான் வரும் என்று இப்போது சொல்வதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. மதுரைக்கோ சேலத்துக்கோ ஆஸ்பத்திரி கட்டும்போது பதிலுக்கு உங்கள் ஊரைக் கொடுங்கள் என்று யாராவது கேட்டோமா?

29 டிசம்பர் 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சூட்டோடு எழுதியிருக்கிறேன். கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறார். ஆனாலும் எழுதியதில் எதையும் மாற்றப்போவதில்லை.

விவரம் கொஞ்சம் சேர்க்கிறேன். முதலில் இரண்டு தனித் திட்டங்கள் இருந்தன, ஒன்று 6,000 மெகாவாட், மற்றது 3,750. 2017இல் நிதி ஆயோக் இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய அணையாகக் கட்டலாம் என்றது. அப்படி வந்ததுதான் சுமார் 11,000 மெகாவாட் திட்டம். உகெங், டிட்டே டிமே, பரோங் என்று மூன்று இடங்கள் பார்த்தார்கள். இப்போது நடப்பது கட்டுமானம் இல்லை, சாத்தியக்கூறு ஆய்வுக்கு முந்தைய ஆய்வு. அதாவது துளையிட்டுப் பாறையைப் பார்க்கும் கட்டம். அந்த ஆய்வுக்குப் பாதுகாப்பாக இந்த மாதம் துணை ராணுவத்தை அனுப்ப மாநில அரசு ஏற்பாடு செய்தது. துளையிடும்போதே துப்பாக்கி எதற்கு என்பதுதான் ஊர்க்காரர்களின் கேள்வி.

4 ஜனவரி 2025

"வெள்ளத்தடுப்பு பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அதில்தான் மனம் தடுமாறுகிறது, ஏனென்றால் நான் 2000ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பார்த்தவன்.

அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் தேதி திபெத்தில், சியாங்கில் வந்து சேரும் யீகோங் என்ற துணையாற்றில் மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. இரண்டு மாதம் தண்ணீர் சேர்ந்து ஏரியாக நின்றது. ஜூன் 10 அன்று அந்த மண் அடைப்பு உடைந்தது. பாசிகாட்டில் எங்களுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடுதிப் பிள்ளைகள் துணி துவைக்க ஆற்றுப்பக்கம் கிளம்பியிருந்தார்கள். காவலாளி ஓடிவந்து தடுத்தார். போய்ப் பார்த்தால் ஆறு சாம்பல் நிறத்தில், முழு முழு மரங்களைச் சுமந்துகொண்டு, நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் போனது. தண்ணீரின் நடுப்பகுதி கரையைவிட மேடாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். காற்றில் பச்சை மண் வாசனை. மேலே தொங்குபாலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. மாநிலத்தில் சுமார் 30 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். என் வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தான். அவர்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே வயல் மணலாகிவிட்டது.

ஆகவே, மேலிருந்து திடீரென்று தண்ணீர் வந்தால் தாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று அரசு சொல்வதை என்னால் வெற்றுப் பேச்சு என்று தள்ள முடியாது. இதைப் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

5 ஜனவரி 2025

மேலே எழுதியதில் விட்டுப்போனது. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் 2002இல் பிரம்மபுத்திராவின் நீர்மட்டத் தகவலைப் பகிர்ந்துகொள்ளச் சீனாவோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. சில முறை புதுப்பித்தார்கள். 2017இல் டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற நேரத்தில் தகவல் வரவில்லை. 2023இல் ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது. அணை கட்ட எத்தனையோ ஆண்டுகள் ஆகும், அதுவரைக்கும் முன்கூட்டியே ஒரு போன் வந்தால் ஆயிரம் உயிர் பிழைக்கும். இந்த ஒப்பந்தத்துக்காக யாரும் சண்டை போடுவதைக் காணோம்.

19 ஜனவரி 2025

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அப்பர் சியாங் நீர்த்தேக்கம் சுமார் 900 கோடி கன மீட்டர் கொள்ளும் என்கிறார்கள். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஏறக்குறைய 318 டிஎம்சி. மேட்டூர் 93.47 டிஎம்சி. ஆக, மூன்று மேட்டூருக்கு மேல் வரும். 2000இல் யீகோங்கில் தேங்கி நின்றது சுமார் 300 கோடி கன மீட்டர். நீர்த்தேக்கம் காலியாக இருந்திருந்தால் அத்தனையையும் வாங்கிக்கொண்டு பாசிகாட்டைக் காப்பாற்றியிருக்கும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது "காலியாக இருந்திருந்தால்" என்ற இடத்தைப் பாருங்கள். மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் அணையில் தண்ணீர் உயரமாக நிற்க வேண்டும். உயரம் குறைந்தால் யூனிட் குறையும், வருமானம் குறையும். நீர்வரத்து குறைந்த மாதங்களில் சீனா தண்ணீரைக் குறைத்தால் இங்கிருந்து திறந்துவிடலாம் என்கிறார்கள். அதற்கும் நிறைத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் மட்டும் காலியாக வைத்திருக்க வேண்டும். மலை சரிந்து ஏரி உடைவது தேதி சொல்லிவிட்டு வராது. மழைக்காலம் முழுக்க ஒரு பங்கைக் காலியாக விட்டுவைப்போம் என்று சட்டமாக எழுதி, அதனால் வரும் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதையும் எழுதினால் நான் பேச்சை மாற்றிக்கொள்வேன். மின்சாரத்துக்கு ஒரு கூட்டத்திலும் வெள்ளத்துக்கு இன்னொரு கூட்டத்திலும் அதே 900 கோடியைக் காட்டினால் ஒத்துக்கொள்ள முடியாது.

நிறைந்து நிற்கும் அணைக்கு மேலே ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சிக்கிமில் 2023 அக்டோபர் 4ஆம் தேதி அதிகாலை பார்த்தோம். தெற்கு லோனாக் பனியாற்று ஏரி உடைந்து வந்த தண்ணீர், சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் டீஸ்டா-3 அணையையே அடித்துக்கொண்டு போனது. அணையில் தேங்கியிருந்த தண்ணீரும் சேர்ந்துதான் கீழே ஊர்களுக்குள் புகுந்தது.

நிலநடுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்ட் 15, அளவு 8.6. அருணாசலத்தின் இன்னோர் ஆறான சுபன்சிரியை மலைச்சரிவு அடைத்து, சில நாள் கழித்து அந்த அடைப்பு உடைந்து அசாமில் ஊர் ஊராக அழித்தது. நான் இருந்த காலத்தில் அதை நேரில் பார்த்த கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள். மீன்கள் கரையில் செத்துக் கிடந்ததையும், ஆறு சில நாள் சத்தமே இல்லாமல் கிடந்ததையும் சொல்வார்கள். ஆறு சத்தம் போடாவிட்டால் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

20 ஜனவரி 2025

திருத்தம். முதல் நாள் கேள்விக்குக் கீழே ஒருவர், பாசிகாட்டிலேயே ஆற்றின் பெயர் பிரம்மபுத்திரா என்று எழுதியிருந்தார், நானும் ஆமாம் என்றேன். தவறு. பாசிகாட்டில் அது சியாங். கீழே அசாமில் திபாங், லோஹித் என்ற ஆறுகளும் சேர்ந்த பிறகுதான் பிரம்மபுத்திரா. இன்னொன்று, பிரம்மபுத்திராவின் நீரில் பெரும்பகுதி இந்தியப் பக்கத்தில் பெய்யும் மழையில் சேர்வதுதான். சீனா மூடிவிட்டால் ஆறே வற்றிவிடும் என்று பரப்புவது சரியில்லை.

9 பிப்ரவரி 2025

"நீங்கள் மேட்டூர்க்காரர், மேட்டூர் தண்ணீரில்தானே தஞ்சாவூர் சாப்பிடுகிறது, அப்புறம் அணையை எதிர்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

என் அம்மாயியின் ஊர் மேட்டூர் அணையின் அடியில் இருக்கிறது. 1934இல் அணை முடிந்தபோது அவளுக்கு ஏழு வயது. கோடையில் தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோவிலின் நந்தி வெளியே தெரியும். எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போவார்கள். அம்மாயியும் வருவாள், நந்தியைப் பார்க்க மாட்டாள். அதற்கு இடதுபக்கம் வெறும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "போலாம்" என்பாள். அங்கேதான் அவர்கள் வீடு இருந்ததாம்.

மேட்டூர் அணை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. டெல்டாவில் எத்தனை லட்சம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் அம்மாயியின் அப்பாவிடம் யாரும் வந்து கேட்கவில்லை. வெள்ளைக்காரன் காலம், கேட்க மாட்டான். இப்போது நம் அரசு, நம் சட்டம். கேட்காமல் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

10 பிப்ரவரி 2025

கொஞ்சம் வேறு விஷயம். சியாங் பள்ளத்தாக்கின் ஆரஞ்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோல் மெலிது, லூசாக இருக்கும், ஒரே சுற்றில் உரியும். டிசம்பரில் மாணவர்கள் மூங்கில் கூடையில் முதுகில் சுமந்து கொண்டுவந்து ஆசிரியர் வீடுகளில் வைத்துவிட்டுப் போவார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நடுகிற மரம் நன்றாகக் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். நஷ்டஈடு கணக்கில் ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம், அந்த ஏழெட்டு வருடம் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதற்குப் பட்டியலில் இடம் வேண்டும்.

27 மே 2025

சியாங் பள்ளத்தாக்கில் உள்ள பெகிங் ஊரில் மக்கள் திரண்டு, ஆய்வுக்காகப் படை வருவதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். வீடியோக்களைப் பார்த்தேன். முன்வரிசையில் பெண்கள். கிராமத் தலைவர்களுக்கு அரசே கொடுக்கிற சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு காவ்ன் பூடாக்களும் நின்றார்கள். அந்தக் கோட்டு அரசின் அடையாளம். அதைப் போட்டவரே எதிரில் வந்து நிற்கிறார் என்றால் ஊருக்குள் பேச்சு எந்த அளவுக்கு முற்றியிருக்க வேண்டும்! ஆதி ஊர்களில் எதையும் கெபாங் என்ற ஊர்ச்சபையில் உட்கார்ந்து பேசித்தான் முடிப்பார்கள். ஒரு மிதுன் மாடு வயலில் புகுந்த வழக்குக்கு இரண்டு நாள் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் பேசி முடிக்கும்வரை யாரும் எழ மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள் படையோடு போவது எனக்கு அவமரியாதையாகத்தான் படுகிறது.

அருணாசலத்தின் மேற்கே உள்ள தவாங்கில் 2016 மே 2 அன்று என்ன நடந்தது என்று நினைவிருக்கட்டும். அணை எதிர்ப்பை முன்னின்று நடத்திய புத்த பிக்குவை விடுவிக்கக் கேட்டுக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள்.

1 ஜூன் 2025

"எல்லா அணைத் திட்டமும் நின்றுபோய்விட்டது, வடகிழக்கு எப்படி முன்னேறும்?" என்பவருக்கு. நிற்கவில்லை. 2008 வாக்கில் அருணாசலத்தில் தனியார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் போட்டார்கள். அப்போதைய மத்திய மின்துறை இணை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷே இதைப் "புரிந்துணர்வு ஒப்பந்த வைரஸ்" என்றார். பல திட்டங்கள் காகிதத்திலேயே கிடந்தன. 2023 ஆகஸ்டில் அவற்றில் 12 திட்டங்களை மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு மாற்றிக்கொடுத்தார்கள், மொத்தம் 11,517 மெகாவாட். திபாங்கில் 2,880 மெகாவாட் அணை வேலை நடக்கிறது. கீழ் சுபன்சிரியில் 2,000 மெகாவாட், 2005இல் தொடங்கி, 2011 டிசம்பரில் அசாம் மக்களின் போராட்டத்தால் நின்று, 2019இல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

அசாம்காரர்கள் எதற்குப் போராடினார்கள் என்பது முக்கியம். தண்ணீரைப் பகலில் தேக்கி, மின்சாரத் தேவை ஏறுகிற மாலையில் திறப்பார்கள். காலையில் ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறவன் மாலையில் திடீர் வெள்ளத்தில் நிற்பான். இப்படிப்பட்ட அணைக்கு "ஓடும் ஆற்றுத் திட்டம்" என்று பெயர் இருப்பதால் ஆறு எப்போதும்போல ஓடும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம். விற்றால் நல்ல பணம். அருணாசல அரசு டெல்லியின் கையை எதிர்பார்த்தே நடக்கிற அரசு, சொந்த வருமானம் வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. முதல்வர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் பணத்தை நினைத்துத் தூக்கம் வராது. சரி, அந்தப் பணத்தில் பரோங்குக்கும் ரீகாவுக்கும் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லட்டும்.

20 ஜூலை 2025

நேற்று திபெத்தின் நியிங்சியில் சீனப் பிரதமர் லி சியாங் மேதோக் திட்டத்தின் வேலையைத் தொடங்கிவைத்தார். ஐந்து மின்நிலையங்கள், வருடத்துக்கு 30,000 கோடி யூனிட் என்கிறார்கள். அவருடைய பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து என் போனில் பழைய மாணவர்களின் குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இதை "தண்ணீர் குண்டு" என்று அருணாசல முதல்வர் பெமா காண்டு சொன்னார். அவருடைய பயம் உண்மையானது. யீகோங் மாதிரி இன்னொரு சரிவு வந்தால், மேலே சீன அணைகளும் இருந்தால், என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான். 2017 கடைசியில் திபெத்தில் நிலநடுக்கம் வந்து மலை சரிந்தபோது சியாங் மாதக்கணக்கில் கறுப்புத் தண்ணீராக ஓடியது. பாசிகாட்டிலிருந்து ஒரு மாணவி டம்ளரில் பிடித்து போட்டோ அனுப்பினாள், அடியில் கால் டம்ளர் சேறு.

ஆனால் மேலே பெய்ஜிங், கீழே டெல்லி, இரண்டு பேருமே அந்தப் பள்ளத்தாக்கை வரைபடத்தில் ஒரு கோடாகப் பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேதோக்கில் இருக்கிற மக்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜனவரியில் நான் எழுதிய கணக்கைப் பலர் பகிர்ந்து "வாத்தியார் அணைக்கு எதிர்ப்பு" என்று போட்டிருக்கிறார்கள். அப்படி நான் எழுதவில்லை. எழுதியது: மழைக்காலத்தில் எவ்வளவு காலியாக வைப்பீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள், ஊரிடம் முதலில் கேளுங்கள்.

17 ஆகஸ்ட் 2025

ரீகா போன்ற சில ஊர்களில் ஒரு பகுதியினர் ஆய்வுக்குச் சம்மதித்து அரசோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "பார்த்தீர்களா, மக்களே ஒத்துக்கொண்டார்கள்" என்று ஒருவர் எழுதினார். என் மாணவர்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. அண்ணன் கையெழுத்துப் போட்டவன், தம்பி போராட்டத்தில் இருக்கிறவன். இருவரும் தனித்தனியாக போன் செய்தார்கள்.

அண்ணன் சொன்னது: "சார், ஆய்வு நடந்தால்தானே எவ்வளவு மூழ்கும் என்றே தெரியும்? தெரியாமல் எதிர்த்தால் பேரம் பேசக்கூட முடியாது. என் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில்தான் வேலை தேடுகிறார்கள்."

தம்பி சொன்னது: "சார், ஒரு தடவை துளைபோட விட்டால் அப்புறம் யார் நிறுத்துவார்கள்?"

இரண்டு பேருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணன் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. இத்தனை மாதம் இங்கே எழுதியதில் அவன் மாதிரி ஆளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. என் தவறு அது.

நிலத்தைப் பற்றியும் தம்பி சொன்னான். அங்கே நம்மூர் மாதிரிப் பட்டா கிடையாது. காடும் மலையும் குலத்துக்குச் சொந்தம், எல்லை எங்கே என்று பெரியவர்களுக்குத் தெரியும், காகிதத்தில் இருக்காது. நஷ்டஈடு என்று வந்தால் முதலில் சண்டை வருவது அரசோடு இல்லை, அண்ணன் தம்பிக்குள்தான். அவர்கள் வீட்டில் இப்போதே ஒரே அடுப்பு இரண்டாகிவிட்டது.

2 செப்டம்பர் 2025

நேற்று சோலுங் பண்டிகை. அரிசி பீர் அபோங் காய்ச்சி, மிதுன் வெட்டி, பெண்கள் வட்டமாகக் கைகோத்து போனுங் ஆடுவார்கள். நான் இருந்த காலத்தில் என்னையும் உட்காரவைத்து இலையில் சாப்பாடு போட்டார்கள். நான் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து, எனக்காகத் தனியாகக் கீரை வேகவைத்துத் தந்த அம்மாவின் மகள்தான் 2017இல் சேற்றுத் தண்ணீர் போட்டோ அனுப்பிய மாணவி.

அவள் நேற்று வாழ்த்துச் சொல்ல அழைத்தாள். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டதாம். வீட்டு வாசலிலும் ஆரஞ்சுத் தோட்டத்தின் மேல்மரத்தடியிலும் நின்று, போனில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு எண்ணையும் அனுப்பி, "சார், தண்ணீர் எங்கே வரை வரும் என்று கழித்துச் சொல்லுங்கள்" என்றாள். எண்களை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் போடவில்லை.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதிரில் அணையின் முழு நீர்மட்டத்தை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கேயுள்ள அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், அந்த ஓர் எண்ணை ஊர் ஊராகப் பலகையில் எழுதி வையுங்கள்.